வன்னியில் பள்ளித் தோட்டமும் ஊர்த் தோட்டமும்: கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

வன்னியில் தோட்டம் போட நினைப்பவர்களுக்குக் காணித் தட்டுப்பாடு இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரை ஏக்கர் சும்மா கிடக்கும். சனசமூக நிலையத்தைச் சுற்றி அதைவிடக் கூடுதலாகக் கிடக்கும். பல தோட்டங்கள் முதல் வருடமே படுத்துவிடுவதற்கு இந்தத் தாராளமே காரணம். மாரியில் எல்லோரும் சேர்ந்து கால் ஏக்கரைக் கொத்தி நட்டுவிடுகிறார்கள். பங்குனி வெயிலில் அவ்வளவுக்கும் தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை, கிணற்றில் நீரும் இல்லை. எவ்வளவு இடத்தில் தோட்டம் என்பதைக் கிணறும் கையும் வேலியும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப்பரப்பிலும் புதிதாகத் தொடங்குவோருக்காக, அந்தக் கணக்கிலிருந்தே இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? 1 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு கீரைப் பாத்தி, எரு சரியாகப் போட்டிருந்தால், 25 முதல் 30 நாளில் 5 கிலோ கீரை தரும். பிள்ளைக்கு 50 கிராம் வீதம் 100 பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு அது காணும். கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும் என்பதால், தோட்ட மூலையில் ஒரு தேசி மரமும் வேண்டும். கறியை அடுப்பால் இறக்கிய பிறகு தேசிப்புளி விடச் சமைப்பவர்களிடம் சொல்லுங்கள். ஆரம்பப் பிரிவின் சுற்றாடல்சார் செயற்பாடுகளும், சாதாரண தர விவசாயப் பாடமும் இந்த மண்ணில் நின்று படிக்கக்கூடியவை. ஊர்த் தோட்டத்துக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. 2009க்குப் பின் மீள்குடியேறிய ஊர்கள் பலவற்றில் பழைய அயல் கலைந்து, புதிய முகங்கள் அயலாகியிருக்கின்றன. கிழமைக்கு இரண்டு பின்னேரம் ஒரே கிணற்றடியில் நின்று கதைப்பதற்கு ஒரு காரணம் கிடைப்பது அந்த ஊர்களுக்குச் சிறிய விடயம் அல்ல.

மண்ணைத் தொடுமுன்

முதலில் காணி யாருடையது என்று பாருங்கள். பள்ளிக்கூடம் என்றால் அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஊர்த் தோட்டம் என்றால் கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்தில் காணியின் நிலையைக் கேட்டறியுங்கள். அனுமதிப்பத்திரக் காணி, கோயில் காணி, வன இலாகா உரிமை கோரும் காணி என்று வன்னியில் பல சிக்கல்கள் உண்டு. வாய்ச்சொல்லை நம்பி வேலி அடைத்து, கிணறு இறைத்து, காய்க்கத் தொடங்கிய பிறகு பிணக்கு வந்தால் இழப்பது ஒரு வருட உழைப்பு. குறைந்தது 3 வருடத்துக்கு எழுத்து வாங்குங்கள்.

அடுத்தது உயிர் பற்றியது. மீள்குடியேற்றத்துக்குப் பின் ஒருமுறையும் கொத்தாத நிலம், பழைய பதுங்குகுழி, மண் அணை இருந்த இடம், பற்றை மூடிய வளவு ஆகியவற்றில் கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகும்வரை மண்வெட்டி போடாதீர்கள். அதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். அகற்றிய நிலத்திலும் துருப்பிடித்த உலோகம் ஏதும் வெளிப்பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே பின்வாங்கி, இடத்தை அடையாளப்படுத்திப் பொலிசாருக்கு அறிவியுங்கள், இலக்கம் 119. வெட்டிய பற்றையை அந்த இடத்திலேயே குவித்து எரிக்கும் பழக்கம் ஆபத்தானது. மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கலாம். இலைகுழை கூட்டெருவுக்குத் தேவை என்பதால் எரிக்க ஒரு காரணமும் இல்லை. முதற்கொத்தைப் பிள்ளைகளைக் கொண்டு செய்விக்காதீர்கள். அது பெரியவர்களின் வேலை.

தண்ணீர்க் கணக்கு

வன்னிக்கு மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை. அதன்பின் சித்திரையில் சில மழை. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் மரக்கறிப் பயிருக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு 5 முதல் 6 லீற்றர் தண்ணீர் வேண்டும். நாம் சொன்ன 5 சதுர மீற்றர்ப் பாத்திக்கு இது 25 முதல் 30 லீற்றர், அதாவது 10 லீற்றர்ப் பூவாளியால் மூன்று. எட்டுப் பாத்திக்கு 24 பூவாளி. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளை அரைப் பூவாளிதான் தூக்க வேண்டும். ஆகவே 48 நடை. 16 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு மூன்று நடை, ஏறக்குறைய 20 நிமிடம். முதல் வருடத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தால் இவ்வளவுதான் இயலும். எட்டுப் பாத்திக்கு மேல் போகாதீர்கள்.

கிணற்றைச் சோதிக்கும் மாதம் ஓகஸ்ட் அல்லது செப்ரெம்பர். கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்து, 500 லீற்றர் இறைத்து, மறுநாள் காலை மீண்டும் அளவுங்கள். மட்டம் திரும்பி வந்திருந்தால் நல்லது. வராவிட்டால் குடிநீரும் மலசலகூடமும் முதல், தோட்டம் பிறகு. அந்தக் கிணற்றில் கோடையில் இரண்டு பாத்திக்கு மேல் நம்பக்கூடாது. பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளில் நீர் கோடையில் உவர்க்கும். பாத்தியின் மேல் வெள்ளைப் படிவும் இலை விளிம்பில் கருகலும் அதன் அடையாளம். போஞ்சி, பயற்றை போன்றவை உவருக்கு முதலில் சாகும். அங்கே மாரிப் போகத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

கைகழுவும் இடத்து நீரை வீணாக்காதீர்கள். 1 மீற்றர் விட்டமும் 60 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட குழி வெட்டி, இலைகுழையால் நிரப்பி, அதைச் சுற்றி மூன்று வாழைக்குட்டி வையுங்கள். சவர்க்காரத் தண்ணீரைக் கீரைக்கு விடக்கூடாது, வாழைக்கு விடலாம். குழியில் நீர் தேங்கி நிற்கக்கூடாது. தேங்கினால் நுளம்பு.

வேலி

கட்டாக்காலி மாடு ஓர் இரவில் செய்யும் அழிவைப் பூச்சி ஒரு போகம் முழுவதும் செய்யாது. வேலி முடியாமல் ஒரு விதையும் போடவேண்டாம். எட்டுப் பாத்தியை நான்கு நான்காக இரண்டு வரிசையில், இடையில் 50 சென்ரிமீற்றர் நடைபாதையும் நடுவே 1 மீற்றர் தள்ளுவண்டிப் பாதையும் விட்டு அமைத்தால் 7 மீற்றருக்கு 12 மீற்றர் இடம் போதும். எருக்குழி, முருங்கை, பப்பாசிக்கும் சேர்த்து 10 க்கு 15 ஆக அடையுங்கள். சுற்றளவு 50 மீற்றர்.

கிளிசறியாக் கதியால் இதற்கு மிக நல்லது. மணிக்கட்டுத் தடிப்பில் 2 மீற்றர் நீளமாக வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, 40 சென்ரிமீற்றர் ஆழத்தில், அரை மீற்றர் இடைவெளியில் நடுங்கள். 100 கதியால் வேண்டும். ஒக்ரோபர் கடைசியில் மண் நன்கு நனைந்தபின் நட்டால் வேர் பிடிக்கும். கோடையில் நட்டவை துளிர்ப்பதுபோலத் தெரிந்து காய்ந்துவிடும், ஏனென்றால் தடியிலுள்ள சத்தில் துளிர் வருகிறது, வேர் வந்திருக்காது. கதியால் தாங்கும்வரை முதல் வருடத்துக்குக் கம்பிவலையோ பனைமட்டையோ தேவை. உயரம் 5 அடிக்குக் குறையக்கூடாது. படலையில்தான் பெரும்பாலான வேலிகள் தோற்கின்றன. பாரம் கட்டித் தானாகச் சாத்தும்படி செய்யுங்கள். கதியாலை வருடத்தில் மூன்று தடவை கவ்வாத்துப் பண்ணினால் வேலியே எருவுக்கான பச்சைக் குழையும் தரும்.

காட்டுப்பன்றி வரும் இடத்தில் நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றரில் ஒரு முள்ளுக்கம்பி இழுங்கள். குரங்குக்கு வேலி இல்லை. அங்கே மிளகாய், பாகல், மஞ்சள், கறிவேப்பிலை எனத் தெரிந்தெடுத்து நடுவதுதான் வழி. யானை இறங்கும் காட்டோர ஊர்களில் வாழையும் சோளமும் பள்ளிக்கூட வளவுக்குள் வேண்டவே வேண்டாம். ஒரு வாழைக்குலைக்காக மதில் போய்விடும்.

எந்த மாதத்தில் என்ன

பள்ளித் தோட்டத்தின் முதன்மைப் போகம் தைதான். பலர் ஒக்ரோபரில் முதல் மழையோடு தக்காளியும் மிளகாயும் நடுகிறார்கள். நவம்பர், டிசம்பர் அடைமழையில் வேர் அழுகி, பூ உதிர்ந்து, பிள்ளைகள் விடுமுறைக்குப் போக, ஜனவரியில் திரும்பி வந்து பார்ப்பது வெறும் பாத்தி. ஒக்ரோபரில் வெண்டி, பயற்றை, பூசணி, மரவள்ளி போடலாம். மழைக்குத் தாங்கும் பசளி, பொன்னாங்காணி, வல்லாரையும் அப்போது வைக்கலாம். கத்தரி, மிளகாய், தக்காளியை ஜனவரி முதற்பாதியில் நடுங்கள். மழை குறைந்து, மண்ணில் ஈரம் மிஞ்சி, பனியும் குளிர்ச்சியும் உள்ள அந்த மூன்று மாதம் காய்கறிக்கு வன்னியின் மிகச் சிறந்த காலம். முதலாம் தவணை முடியுமுன் பிள்ளைகள் காய் பறித்துவிடுவார்கள்.

மே முதல் ஜூலை வரை மூன்று பாத்தியில் மட்டும் கீரை, வெண்டி, கௌபி. மற்றவற்றுக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டு மண்ணை ஓயவிடுங்கள். ஓகஸ்ட் விடுமுறையில் முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, பப்பாசி தவிர வேறெதுவும் நீரை எதிர்பார்த்து நிற்கக்கூடாது. தவணைத் திகதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால் விடுமுறை அட்டவணையைப் பார்த்து அறுவடையைப் பின்னோக்கி எண்ணுங்கள். கீரை 25 நாள், வெண்டி 45 முதல் 50, பயற்றை 50 முதல் 55, நாற்று நட்டபின் கத்தரி 60 முதல் 70. மிளகாய் அதற்கும் சற்றுக் கூட.

பாத்தியும் எருவும்

பாத்தியின் அகலம் 1 மீற்றர். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டினால் யாரும் பாத்தியை மிதிக்க மாட்டார்கள். சிறு வகுப்புகளுக்கு 75 சென்ரிமீற்றர். வன்னியின் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மழைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாள்தான் கொத்தும் பதம். பிடித்த மண் உருண்டையாகி, விரலால் தட்ட உதிர வேண்டும். 20 முதல் 25 சென்ரிமீற்றர் ஆழம் கொத்தி, சதுர மீற்றருக்கு 2 முதல் 3 கிலோ மக்கிய மாட்டெரு கலவுங்கள். புது எரு போட்டால் சூட்டில் நாற்று கருகும், வண்டுப் புழுவும் களை விதையும் கூடவே வரும்.

மேட்டுப்பாத்தி எப்போதும் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மாரியில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துவது சரி. வயலோரக் களிமண்ணில் 30 வரை போகலாம். கோடையில் அதே மேடு நாலு பக்கமும் காற்றுப்பட்டு வேகமாகக் காயும். மே மாதப் பாத்திகளைச் சமதரையாக்கி விளிம்பில் 5 சென்ரிமீற்றர் வரம்பு கட்டுங்கள், ஊற்றிய நீர் உள்ளேயே நிற்கும். தென்மேற்குப் பக்கம் வேலிக் கிளிசறியாவை வெட்டாமல் விட்டால் சோளகத்தைத் தடுக்கும்.

கூட்டெருக் குவியல் 1 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரத்துக்குக் குறைந்தால் சூடு ஏறாது. காய்ந்த சருகு அல்லது வைக்கோல் 15 சென்ரிமீற்றர், அதன்மேல் பச்சைக் குழை 10 சென்ரிமீற்றர், அதன்மேல் சாணிக் கரைசல் என்று மாறிமாறி அடுக்குங்கள். நான்காம் நாள் நடுவில் அலவாங்கைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து இழுத்துத் தொட்டால் நன்றாகச் சுட வேண்டும். சுடாவிட்டால் ஈரம் போதாது அல்லது பச்சைக் குழை போதாது. நாறினால் நீர் கூடிவிட்டது, சருகு கலந்து புரட்டுங்கள். கறையான் புகுந்தால் குவியல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு கிழமைக்கொருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் எடுக்கலாம். கோடையில் இதையே 60 சென்ரிமீற்றர்க் குழிக்குள் செய்யுங்கள். மாரியில் நிலத்தின் மேல் அடுக்கிக் கிடுகால் மூடுங்கள். மூடாக்கு, குவியல், குழை எதையும் பிள்ளைகள் வெறுங்கையால் புரட்டக்கூடாது. புடையனும் விரியனும் தேளும் குளிர்ச்சி தேடி அங்கேதான் கிடக்கும். முதலில் தடியால் தட்டி, பிறகு தோட்ட முள்ளுக்கரண்டியால் இழுக்கப் பழக்குங்கள்.

நாற்று, இடைவெளி

மிளகாயும் கத்தரியும் நவம்பர் கடைசியில் போட்டால் 30 முதல் 35 நாளில் நடலாம். தக்காளிக்கு 21 முதல் 25 நாள் போதும் என்பதால் டிசம்பர் நடுவில் போடுங்கள். அடைமழைக் காலம் என்பதால் நிலத்தில் மேடை போடாமல், தட்டிலோ சாக்கிலோ போட்டு மேலே பொலித்தீன் கூரை கட்டுங்கள். சலித்த மேல்மண், மணல், கூட்டெரு சம அளவு. கலவைக்குக் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் நாற்றழுகல் குறையும். விதை அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் ஆழம் போகக்கூடாது. நாற்று அடியில் நூல்போல் மெலிந்து சாய்ந்தால் நெருக்கமும் நீரும் கூடிவிட்டன. விடுமுறையில் இந்தத் தட்டுகள் பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு பெற்றோரின் வீட்டில் இருக்கட்டும். நடுவதற்கு ஒரு கிழமை முன் நீரைக் குறைத்து வெயில் காட்டுங்கள். நடும் நேரம் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு.

மிளகாய் 60 க்கு 45 சென்ரிமீற்றர், கத்தரி 90 க்கு 60, தக்காளி 80 க்கு 50, வெண்டி 60 க்கு 45. பிள்ளைகள் நெருக்கி நடவே விரும்புவார்கள். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை அளந்து கொடுத்துவிட்டால் சண்டை இல்லை, கணிதப் பாடமும் ஆகிவிடும். தின்னவேலி ஊதாக் கத்தரியும் தின்னவேலி வெள்ளைப் பாகலும் வடக்குக்குப் பழகிய இனங்கள். எந்த இனம் கையிருப்பில் உள்ளது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முருங்கையை வகுப்பறையிலிருந்து தள்ளி வையுங்கள். மாரியில் அடிமரத்தில் மயிர்க்கொட்டி கூட்டமாக அடையும். பட்டால் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிக்கும்.

பூச்சியும் நோயும்

பள்ளித் தோட்டத்தில் கடை மருந்து அடிக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். காலையில் பறித்து மதியம் உண்ணும் கீரை அது. பெரும்பாலானவற்றைக் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும். கத்தரிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி அழியுங்கள், கிழமை தவறாமல். வெண்டி இலை நரம்பு மஞ்சளானால் அது வெண்ணிற ஈ பரப்பும் வைரசு. குணமாகாது, செடியைப் பிடுங்கிப் புதையுங்கள். பாகல், புடோல் பிஞ்சு விரல் நீளமாகும்போது கடதாசிப் பையால் மூடினால் பழ ஈ முட்டையிடாது. விழுந்த காயை அப்படியே விட்டால் அடுத்த தலைமுறை ஈ அதிலிருந்து வரும். அரை மீற்றர் ஆழத்தில் புதையுங்கள்.

மிளகாய் இலை சுருண்டால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் அங்கே இருக்கும். வேப்பம் விதைப் பருப்பு 50 கிராமை இடித்து 1 லீற்றர் நீரில் இரவு ஊறவைத்து, வடித்து, ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் சேர்த்து, பின்னேரத்தில் இலையடியில் படத் தெளியுங்கள். வெயிலில் அடித்தால் அதன் வீரியம் போய்விடும். வேப்பம் பழம் கோடையில் உதிரும்போதே பொறுக்கி நிழலில் காயவிட்டு வையுங்கள், தை மாதத்தில் தேடினால் கிடைக்காது. மாரியில் பெரிய நத்தைகள் வந்தால் கையுறையோடு பொறுக்கி உப்பு நீர் வாளியில் போடுங்கள். அவை மனிதருக்குத் தொற்றும் புழுவைக் காவலாம், ஆகவே கைகழுவாமல் யாரும் போகக்கூடாது. பாத்தியில் உப்புத் தூவினால் நத்தையோடு மண்ணும் போகும்.

ஆட்கள்

ஒரு ஆசிரியரை மட்டும் நம்பிய தோட்டம் அவர் இடமாற்றம் பெறும் நாளில் முடிகிறது. இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பெற்றோர், சமையல் செய்யும் ஒருவர் என ஐவர் குழு வேண்டும். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வகுப்பின் பெயர்ப்பலகை வையுங்கள். விடுமுறை முறைவரிசை, விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்பே எழுதி ஒட்டப்பட வேண்டும். நாளுக்கு இரண்டு வீடு. அவர்களுக்கு அன்று பறிப்பது சொந்தம். பிந்தி வந்த பிள்ளைக்கும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கும் களை பிடுங்குவதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தண்டனை நிலமாகப் பழகிய இடத்தைப் பிள்ளை பிறகு ஒருபோதும் விரும்பாது.

ஊர்த் தோட்டத்துக்கு 10 முதல் 12 குடும்பம் நல்ல அளவு. எல்லாம் பொதுவாக நட்டால், உழைப்பில்லாமல் பறிப்பவர் பற்றிய மனக்கசப்பு முதல் அறுவடையிலேயே வரும். பாத்தி வீட்டுக்கொன்று, வேலி, கிணறு, எருக்குவியல், நாற்று மட்டும் பொது. தனித்துக் குடும்பம் பார்க்கும் பெண்கள் பலர் பகலில் கூலிவேலைக்குப் போவதால் பொதுவேலையை ஞாயிறு காலையில் வைக்கவேண்டும். கூட்டமும் அப்போதே நடந்தால் அவர்கள் குரலும் கேட்கும். விற்கும் காசு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்ற பதிவுள்ள அமைப்பின் வங்கிக் கணக்கில் போகட்டும். பங்கு முறையை முதல் விதை போடுமுன் எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். காய்த்தபின் எழுதுவது கடினம்.

விதை எடுத்தல்

கலப்பின விதைப் பைக்கற்றிலிருந்து வந்த செடியில் விதை எடுக்காதீர்கள், அடுத்த போகம் தாயைப்போல் வராது. மற்றவற்றில், நோயில்லாத நடுவரிசைச் செடிகள் மூன்றைப் பூக்கும்போதே சிவப்பு நூல் கட்டி ஒதுக்குங்கள். வெண்டியும் பயற்றையும் செடியிலேயே காய்ந்து கிலுங்க வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்தபின் கழுவி, நீரில் மிதக்கும் விதையை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் எடுங்கள். மூன்று நான்கு நாள் காலை வெயிலில் காயவைத்து, மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலில் ஒரு படை அடுப்புச் சாம்பலோடு அடைத்து, பயிர், மாதம், விதை எடுத்த வகுப்பு மூன்றையும் எழுதி ஒட்டி, வெயில் படாத அலுமாரியில் வையுங்கள். நடுவதற்கு ஒரு கிழமை முன் 10 விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு ஒரு விதை கூடுதலாகப் போடவேண்டும்.